கயிறு இறுக்கும் இடம்

எங்கள் லாரிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். யுத்த காலத்தில் அமெரிக்காக்காரன் கொண்டுவந்து ஓட்டிவிட்டு விட்டுப்போன வண்டி அது. ஏலத்தில் கைமாறிக் கைமாறித் திண்டுக்கல்லுக்கு வந்து, பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு பாயிடம் நின்றது. பின்னால் மூன்று பக்கமும் அடைப்புப் பலகை கிடையாது. வெறும் தட்டு. ஓரம் முழுக்க இரும்புக் கொக்கிகள். ஏற்றுவதை ஏற்றி, கயிற்றைக் கொக்கியில் மாட்டி இழுத்துக் கட்ட வேண்டியதுதான்.

இடது பக்க ஸ்டீயரிங்கின் கஷ்டம் ஓட்டினவனுக்குத்தான் தெரியும். முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால், அதற்கு அந்தப் பக்கம் எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற கிளீனர்தான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "போ" என்பான், இல்லாவிட்டால் "இரு" என்பான். அதைக் கேட்டுத்தான் நான் முந்த வேண்டும். அந்தக் கிளீனர் இந்த இரண்டு வார்த்தை தவிர என்னோடு எதுவும் பேசுவதில்லை.

அவன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாக அந்த வண்டியிலேயே கிடந்தவன். என்னைவிட இரண்டு வயசு கூட. மேட்டுப்பட்டியில் வீடு, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பழைய டிரைவர் மதுரைக்குப் பஸ் ஓட்டப் போகப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த சீட்டு தனக்குத்தான் என்று லைசன்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அது வருவதற்குள் நான் லைசன்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாய் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

நான் அதுவரை ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். நாலாவது வரைக்கும்தான் படிப்பு. கழுவிய பஸ்ஸை எடுத்து வரிசையில் விட்டு விட்டே ஓட்டப் பழகினவன். ஷெட் வேலை ஒன்றும் மோசமில்லை. அதை விட்டுவிட்டுத் தோல் லாரிக்கு வந்ததற்கு ஒரே காரணம், அந்த லாரி வாரம் ஒரு தரம் கீரனூர் வழியாகப் போகும் என்பதுதான்.

கீரனூர் என் மனைவியின் ஊர். தலைப்பிரசவத்துக்கு அங்கே போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். தந்தி வந்து, பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எனக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு குழந்தையை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். நாலு மாசம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒருநாள் ஷெட்டில் பஸ் கழுவும்போது சீட்டுக்கு அடியில் ஒரு குழந்தைக் கொலுசு கிடந்தது. கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்தபிறகு வேலை ஓடவில்லை. அந்தக் கொலுசுக்குள் என் மூன்று விரல் சேர்ந்தாற்போல் நுழையாது, அம்புட்டுச் சின்னது. மறுநாள் காலையில் கீரனூர் பஸ் ஏறினேன்.

குழந்தை என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. அடுத்த தடவையும் அழுதது. அதற்கு அடுத்த தடவை, நான் தெருமுனையில் வரும்போதே, அதை வளர்த்த அத்தையின், என் மாமியாரின், தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஷெட்டில் லீவு கிடையாது. இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் போனால் எந்தப் பிள்ளைக்கு முகம் நினைவிருக்கும்?

குழந்தைக்கு ஒரு வயசு முடிந்தபோது மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அவர் மூத்த மகனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை.

"ஏனுங்க மாப்ள, புள்ள உங்க கைக்கு வந்துச்சுன்னா தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. நானா வேண்டாங்கறேன்? அழுவுற புள்ளையப் புடுங்கி எப்படிங்க அனுப்பறது? பங்குனி வரைக்கும் பாப்பமுங்க. அதுக்கும் சரிப்படலீன்னா பெரியவன் வந்து தூக்கிட்டுப் போறேங்கறான்."

அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அக்கா வீடு. "எனக்கு மூணு கெடக்கு, நாலாவதா இதுவும் கெடக்கட்டும், தூக்கிட்டு வாடா" என்று அவளும் சொல்லியிருந்தாள். எல்லாம் தயாராகத்தான் இருந்தது. குழந்தைக்கு மட்டும் நான் வேண்டாம்.

பாய் எடுத்த எடுப்பில் கீரனூர் லைனைத் தரவில்லை. பழைய டிரைவர் போகிற வரைக்கும் மாற்று ஆளாக, தன்னுடைய இன்னொரு லாரியில், வேடசந்தூர்ப் பக்கம் ஆவாரம்பட்டை ஏற்றி வர அனுப்பினார். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். கரிசலும் செம்மண்ணும் கலந்த காட்டில் பெண்கள் ஆவாரஞ்செடியை வெட்டி, பட்டை உரித்துக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். எடை இருக்காது. ஆனால் இரண்டு ஆள் உயரம் ஏறும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வைக்கோல் போர் நடந்து வருகிற மாதிரி இருக்கும். அந்த மூன்று மாசத்தில் கயிறு கட்டக் கற்றுக்கொண்டேன். தட்டின் ஓரத்தில் காலை உதைத்துக்கொண்டு, மேலே ஒருத்தன் நின்று கயிற்றைப் போட, கீழே நான் இழுத்துக் கொக்கியில் சுற்றி முடிச்சுப் போடுவேன். ஒரு தடவை கட்டினால் திண்டுக்கல் வந்து அவிழ்க்கிற வரைக்கும் அது அப்படியே நிற்கும். எனக்குத் தொழில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் கீரனூர் லைன் கைக்கு வந்தது. போகும்போது உப்பு மூட்டை. கீரனூரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைல், தாராபுரம் பக்கத்தில் ஒரு சந்தை. அங்கே உப்பை இறக்கிவிட்டு, ஊர் ஊராக வாங்கி உப்புப் போட்டு வைத்திருக்கிற தோலை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். அந்தத் தோலின் வாடையைப் பற்றி என்ன எழுதினாலும் மூக்குக்கு வராது. சந்தையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ஒவ்வொரு ஊர் நாயும் எங்களை அடுத்த ஊர் எல்லை வரை கொண்டுவந்து விடும்.

கீரனூர் முகப்பில் ரோட்டோரம் ஒரு புளியமரம். அதற்கு நேர் எதிரில்தான் மாமனாரின் தெரு. போகும்போது மரத்தடியில் வண்டியை நிறுத்துவேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி, சோப்பை இரண்டு தடவை தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தலை சீவிக்கொண்டு, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு போவேன். கிளீனர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். குழந்தை என்னைப் பார்த்ததும் அத்தையின் சேலைக்குள் போய்விடும். நான் குனிந்து எட்டிப் பார்ப்பேன். அழும். பொட்டலத்தை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

முதல் வாரமே மாமனார் சொன்னார்: "போறப்ப வந்து பாருங்க, வேண்டாங்கல. திரும்பி வாரப்ப அந்த லோடோட இங்க நிறுத்தாதீங்க மாப்ள. நாலு சனம் ஒரு மாதிரிப் பேசுது."

எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. வெள்ளைச் சட்டையில் பார்த்தே அழுகிற பிள்ளை, அந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன ஆகும்?

அன்றைக்கே திரும்பி வரும்போது, புளியமரம் தெரிந்ததும் கிளீனர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டான்.

"இங்கன நிறுத்து" என்றான். "போ", "இரு" தவிர அவன் என்னிடம் சொன்ன மூன்றாவது வார்த்தை.

"எதுக்கு?"

"கயிறு பாக்கணும். எப்பயும் இங்கனதான் நிறுத்துவாக."

"நான் கட்டுன கயித்த நீ பாக்க வேணாம். கால உள்ள வை."

வைத்தான். அதற்குப் பிறகு அவன் அந்த மரத்தடியில் நிறுத்தச் சொல்லவே இல்லை. நானும் ஒவ்வொரு வாரமும் அந்த இடம் வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்து, தெருவைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாசமும் ஒன்றும் ஆகவில்லை. மழையும் பனியும். லோடும் இடுப்பு உயரம்தான். பொங்கல் கழிந்து போனபோது சந்தையில் தோல் மலையாகக் குவிந்து கிடந்தது. என் தலைக்கு மேல் ஏற்றினார்கள். ஆவாரம்பட்டைக்குக் கட்டுகிற மாதிரியே, இன்னும் இரண்டு கயிறு கூடப் போட்டு, கை சிவக்க இழுத்துக் கட்டினேன். கயிற்றைத் தட்டிப் பார்த்தேன். விண் என்றது. கிளீனர் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

கீரனூரில் நிறுத்தவில்லை. பழனி தாண்டும்போது நல்ல வெயில். பின்னால் தட்டிலிருந்து உப்புத்தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தேன்; எப்போதும் ஒழுகுவதுதானே என்று விட்டுவிட்டேன்.

சத்திரப்பட்டி தாண்டியதும் எதிரே பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள். காவடி, பால்குடம், சின்னப் பிள்ளைகள், எல்லாரும் வெறுங்கால். தோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காவடி வந்தால் ரோட்டை விட்டு இறங்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்கள் கடந்து போகிற வரை நிற்க வேண்டும். பாய் எனக்கு வேலை கொடுத்தபோது இதை ஒன்றைத்தான் இரண்டு தடவை சொன்னார். அதனால் வண்டியை இடது பக்கம் ஒதுக்கினேன். அந்தப் பக்கம் மண்மேடு. கிளீனர் வலது பக்கம் இறங்கி நின்று, "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டினான். இடது சக்கரங்கள் மேட்டில் ஏறின. வண்டி வலது பக்கம் சாய்ந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அடுத்து இன்னொன்று. பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் குதித்துச் சுற்றி ஓடினேன். ரோட்டில் பாதி தூரம் தோல். கிளீனரைக் காணோம்.

அந்த நேரத்தை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. மேலே கிடந்த தோலை இழுத்தேன், கை வழுக்கியது. மறுபடி இழுத்தேன். கூட்டத்தில் முன்னால் வந்த காவடிக்காரர் ஒருத்தர், காவடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, விரதத்தோடு வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டு இழுத்தார். யாரோ ஒருத்தர், "சாமி, தோலத் தொடுறீகளே!" என்றார். "கீழ மனுசன் கெடக்கான்யா" என்று அவர் நிமிராமலே சொன்னார். நாலாவது தோலுக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. பிடித்து இழுத்தோம்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். அடி இல்லை. உடம்பெல்லாம் உப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு அம்மா குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினாள்.

"மாதாவே" என்றான். பிறகு கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடித்தான். "ஏலே! கயிறாலே கட்டுன நீ? பூமாலையாலே கட்டுன?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். அவன் பிழைத்ததற்கு அழுதேனா, வேறு எதற்காவது அழுதேனா, எனக்கே சரியாகத் தெரியாது. மனைவியை எடுத்த அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை.

காவடிக்காரர் கூட்டத்தை ஓரமாகக் காட்டு வழியில் திருப்பிவிட்டார். பிள்ளைகளின் வெறுங்காலில் உப்புத்தண்ணீர் படாமல் இருக்கப் பெண்கள் மண்ணை அள்ளி ரோட்டில் போட்டார்கள். அவர் மட்டும் பக்கத்து வாய்க்காலில் முழுகிவிட்டு, ஈரத்தோடு வந்து காவடியை வாங்கிக்கொண்டார். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, நானும் அவனும் அத்தனை தோலையும் மறுபடி ஏற்றினோம். ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவன் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த சோற்றைப் பாதியாகப் பிரித்தான். வெஞ்சனம் ஒரு துண்டு ஊறுகாய்தான். அதையும் கிள்ளி எனக்கு ஒரு பாதி வைத்தான்.

"பட்டை காஞ்ச சாமான்லே" என்றான். "கட்டுனா கட்டுனபடி கெடக்கும். தோலு அப்படியா? உப்புத்தண்ணி வடிய வடிய லோடு கீழ அமுங்கும். பத்து மைல் போனா ஒரு சாண் எறங்கிரும். கயிறு தொளதொளன்னு ஆயிரும். அதுக்குத்தான் அந்தப் புளியமரம். அங்கன நிறுத்தி மறுக்கா இழுத்துக் கட்டிட்டா, அப்பறம் திண்டுக்கல்லுதான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். கால உள்ள வைன்னு சொன்ன."

நான் ஊறுகாயைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தேன்.

"இன்னிக்குச் சந்தையில சொல்ல வாயெடுத்தேன். சரி, படட்டும்னு விட்டுட்டேன். பட்டது நானு" என்றான். கொஞ்ச நேரம் மென்றான். "ஏன் நிறுத்த மாட்டேங்குறன்னு எனக்குத் தெரியும். மாமனாரு வீடு."

"அவரு வேணாம்னாரு. இந்த நாத்தத்தோட போயி நின்னா புள்ள கிட்டயே வராது."

"என் புள்ளைக ரெண்டும் வாசல்லயே என் மேல ஏறுதுக. நா என்ன பன்னீர்லயா குளிச்சுட்டுப் போறேன்?"

"உன் புள்ளைக உன்னப் பாத்து வளந்ததுக."

"அதில்ல. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத." தண்ணீர் குடித்தான். "வண்டில உக்காந்து வாராவாரம் பாக்குறேன். நீ அந்தப் புள்ளையவா பாக்குற? அது மூஞ்சில உன் சம்சாரத்தத் தேடுற. குனிஞ்சு குனிஞ்சு, கண்ணு ரெண்டும் கலங்கி... பெரியாளு எனக்கே பயமா இருக்கு. அது பச்சப் புள்ள."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் நெற்றி அப்படியே குழந்தைக்கு இருக்கிறது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னேன். அவன் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மறுநாள் பாய் ஷாப்பு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் கேட்டார். கிளீனர் தன் தப்பு என்றான், நான் என் தப்பு என்றேன். "என்னாப்பா இது, தப்புக்குப் போட்டியா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஆளு உசுரு தப்புச்சது அல்லா புண்ணியம். நீ பட்டை லைனுக்கே போயிரு. சுத்தமான சாமான், உனக்குப் பழகுன வேலை. தோலுக்கு வேற ஆளு பாத்துக்கிர்றேன்" என்றார்.

பட்டை லைன் என்றால் வாடை கிடையாது. சட்டை நாறாது. ஆனால் வேடசந்தூருக்கும் கீரனூருக்கும் சம்பந்தமே கிடையாது; பங்குனி வரைக்கும் நான் குழந்தையை ஒரு தடவை பார்த்தால் அதிகம்.

"தோல் லைனே இருக்கட்டும் பாய்."

"எல்லாரும் அதுலேர்ந்து தப்பிக்கப் பாக்குறான், நீ என்னா?"

"அவன் ஓட்டட்டும் மொதலாளி, கயிறு நா பாத்துக்கிர்றேன்" என்றான் கிளீனர். பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி ரோட்டுல கொட்டுனீங்க, ரெண்டு பேரையும் சேத்துத் தோலோட ஊறப் போட்ருவேன்" என்றார்.

அடுத்த வாரம் போகும்போது நான் குளிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. திரும்பி வரும்போது, முழு லோடோடு, புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். வாடை தெருவுக்குள் நாங்கள் இறங்குவதற்கு முன்னால் போய்விட்டது. மாமனார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மாப்ள, சொல்லியிருந்தனுங்களே?"

"இங்க கயிறு இறுக்கலைன்னா லோடு கொட்டிரும் மாமா. செத்த நேரந்தான். இறுக்கிட்டுக் கெளம்பிர்றேன்."

நிஜமும் அதுதான். கயிறெல்லாம் தொங்கிப்போய் நான்கு விரல் நுழைகிற மாதிரி இருந்தது. கிளீனர் மேலே ஏறினான், நான் கீழே இழுத்தேன். குழந்தையை எடுத்துக்கொண்டு அத்தை தெருமுனையில் நின்றாள். நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. கயிற்றை விட்டுவிட்டுப் பார்க்க முடியாது. கட்டி முடித்துக் கிளம்பிவிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் குழந்தை அத்தையின் இடுப்பிலிருந்து இறங்கி மரத்தடி வரைக்கும் நடந்து வந்துவிட்டது. கிளீனர் லோடு மேல் நின்று "ஏலேலோ" என்று ஒரு கூத்துக் காட்டினான். சிரித்தது. அதற்கு அடுத்த வாரம் அவனிடம் கையை நீட்டியது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் மேல் என்னைவிட இரண்டு பங்கு நாற்றம். நான் டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"பாத்தியாலே" என்றான் வண்டி கிளம்பினபிறகு.

"ஓட்ட விடு. முன்னாடி என்ன வருது?"

"ஒண்ணும் வரல. போ. மூஞ்சியத் தொங்கப் போடாத. இந்த மாமாகிட்ட வந்தது அப்பங்கிட்ட வராமயா போகும்?"

பங்குனியும் பிறந்தது. திருப்பூரிலிருந்து மச்சினன் கடிதம் போட்டுவிட்டான், உத்திரத்துக்கு வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதாக. இன்னும் ஒரே ஒரு சந்தைதான் பாக்கி. அந்த வாரம் லோடும் உயரம், வெயிலும் கடுமை. புளியமரத்தடியில் நிறுத்தும்போது கயிறு பாவாடை நாடா மாதிரி தொங்கியது. கிளீனர் உச்சியில் ஏறி நின்று நடுக்கயிற்றைப் போட்டான். நான் தட்டு ஓரத்தில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தேன். இன்னும் கொஞ்சம் வந்தால் கொக்கியில் போட்டுவிடலாம்.

அப்போது என் காக்கி டிராயரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள்.

திரும்ப முடியவில்லை. குனிந்து பார்த்தபோது கறுத்த சின்ன விரல்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் போலவே அதுவும் பின்னால் சாய்ந்து இழுத்தது. "ஏஏஏ" என்று என்னைப் போலவே முனகியது. எனக்குக் கை தளர்ந்துவிட்டது.

"விட்றாதலே!" என்று மேலிருந்து கத்தினான். "விட்டா நா புள்ள மேலதான் வந்து விழுவேன்!"

விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் விடவில்லை. அப்படி எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு கொக்கியில் சுற்றினேன், முடிச்சுப் போட்டேன். கையை டிராயரில் துடைத்தேன், போகிற அழுக்கா அது? திரும்பி உட்கார்ந்தேன். குழந்தை என்னைப் பார்க்கவில்லை, கொக்கியில் தொங்கின கயிற்று நுனியைப் பார்த்தது. எடுத்து அதன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. தூக்கினேன். அழவில்லை. கயிற்று நுனியால் என் காதில் குத்திப் பார்த்தது.

"பாப்பா, வா, சோறுண்ணலாம்" என்று அத்தை கூப்பிட்டாள். அதற்குத் தலையை ஆட்டி மாட்டேன் என்றது.

மாமனார் எதிர்ப்பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"ஏனுங்க மாப்ள, உங்க அக்கா ஊட்ல பால் மாடு இருக்குதுங்களா?"

"இருக்கு மாமா. ஒண்ணு கறவை, ஒண்ணு சினை."

"காலைல பால் குடிக்காம இவ வாயில ஒண்ணும் வெக்க மாட்டாளுங்க. அதுக்குத்தான் கேட்டனுங்க." குழந்தையின் தலையைத் தடவினார். "பெரியவனுக்கு நான் எழுதிப் போட்டுக்கறேன். இன்னிக்கு இந்த நாத்தத்துல வேண்டாமுங்க. வெள்ளிக்கெழம பஸ்சுல வந்து கூட்டிட்டுப் போங்க."